மூன்றாம் வரிசையும் ஒரு சேவலும்

கோரையாற்றில் ராஜாவும் இருந்தார், காரும் இருந்தது. ஒரே காலத்தில் இரண்டும் எப்படி என்று கேட்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ராஜா இரணசிங்க பூபதியிடம் இருந்தது ஒரு காம்பாக்ட் எஸ்யூவி. டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர் போகலாம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ராஜா. பின்னால் ஒரு ஜன்னலில் ராணி குழலாம்பாள், மறு ஜன்னலில் ராஜமாதா. நடுவில், கால் வைக்க இடமில்லாத அந்த மேட்டின் மேல், ராஜாவின் பேச்சுத்துணை தாண்டவன். மட்டமான சீட்தான். ஆனால் அங்கிருந்து லேசாக முன்னால் சாய்ந்தால் வாய் சரியாக ராஜாவின் வலது காதில் போய் நிற்கும். தாண்டவனின் உத்தியோகம், வீடு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாமே அந்தக் காதிலிருந்துதான் வந்தன.

ராணியின் தம்பி வீரபாகு அக்காவைப் பார்த்துவிட்டுப் போக வந்தான். பார்த்துவிட்டான். போகவில்லை. மூன்று வருஷமாகிறது.

"குடும்பம் பெருகிப்போச்சு அத்தான். இந்த டப்பாவைத் தள்ளிட்டுப் பெரிசா ஒண்ணு எடுங்க" என்றான்.

குடும்பத்தில் பெருகியது அவன் ஒருவன்தான். இருந்தாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதல் பயணம் குலதெய்வம் கோயிலுக்கு. யார் எங்கே உட்காருவது என்று சொல்கிற வேலையை வீரபாகு தானாகவே எடுத்துக்கொண்டான். நடு வரிசையில் அக்கா, ராஜமாதா, இருவருக்கும் நடுவில் தான்.

"அப்ப நான்?" என்றான் தாண்டவன்.

வீரபாகு பின்னால் கை காட்டினான். மூன்றாம் வரிசை. அங்கே ஏற்கெனவே பொங்கல் பானையும் ஒரு கட்டு விறகும் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலும் இருந்தன.

"மகாராஜா, அங்கேருந்து பேசினா உங்களுக்குக் கேட்காதே."

"திறமைசாலிக்கு எந்த சீட்டா இருந்தா என்ன?" என்றான் வீரபாகு. "கோயில் வர்றதுக்குள்ள அங்கே உட்கார்ந்தபடியே அத்தானை ஒரு தடவை சிரிக்க வைக்கட்டும். மெதுவாத்தான் பேசணும், ராஜமாதாவுக்குத் தலை வலிக்கும். முடியலைன்னா அந்த உத்தியோகம் எனக்கு."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் வேறு யோசனை வராது. "ஒரே ஒரு சிரிப்பு. சரிதானே?" என்று கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பியது. வீரபாகு முன்னால் சாய்ந்து, ராஜாவின் காதைப் பிடித்துக்கொண்டான். வண்டியின் பெருமையைச் சொன்னான். அதை வாங்கச் சொன்ன தன் பெருமையைச் சொன்னான். ராஜா "ம்" என்றார்.

தாண்டவனின் முழங்கால் முகவாயைத் தொட்டது. மடியில் பானை. சேவல் அவனை ஒரு கண்ணால் பார்த்தது. அதற்கும் கோயில் வரைதான், அவனுக்கும் கோயில் வரைதான். அவன் முன்னால் பார்த்தான். வீரபாகுவின் முதுகு தெரிந்தது. முதுகுக்கு இரண்டு பக்கமும் இரண்டு காதுகள் சும்மா இருந்தன.

ராணியின் காதில் ஏதோ சொன்னான். ராணி திரும்பிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ராஜமாதாவின் காதிலும் சொன்னான். ராஜமாதா மிச்சமிருந்த பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

"என்ன?" என்றார் ராஜா.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் ராணி. அப்படிச் சொன்னதும் இன்னும் சிரிப்பு வந்தது.

"அம்மா, என்னம்மா?"

"உனக்கு வேண்டாம்டா" என்று ராஜமாதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீரபாகு, என்னடா சொன்னான் அவன்?"

"எனக்குக் கேட்கலையே அத்தான்."

ராஜா திரும்பினார். முகத்துக்கு நேரே மச்சான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மச்சான். கழுத்து வலித்தது. பின்னால் சிரிப்பு நிற்கவில்லை. மூன்று மைல் தாங்கினார். பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"தாண்டவா, இறங்கி வந்து சொல்லுடா."

"பந்தயப்படி இங்கே உட்கார்ந்துதான் பேசணும், மகாராஜா. அதுவும் மெதுவா."

ராணி இறங்கினாள். சீட்டை மடக்கினார்கள். ராஜா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, தவழ்ந்து உள்ளே போனார். சீட்டை நிமிர்த்தி ராணி மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "நேரமாகுது, வண்டியை எடுப்பா" என்றாள் ராஜமாதா.

"இப்பச் சொல்லு. அவங்ககிட்ட என்ன சொன்னே?"

தாண்டவன் காதருகே குனிந்தான். "இன்னும் நாலு மைல்ல மகாராஜா இங்கே வந்து சேவலுக்குப் பக்கத்துல உட்காருவார், பாருங்கன்னு சொன்னேன்."

ராஜா தன்னைப் பார்த்துக்கொண்டார். முழங்கால் முகவாயில் இருந்தது. மடியில் சேவல் ஏறியிருந்தது. முதலில் மீசை ஆடியது. பிறகு வண்டியே ஆடியது.

"இது ஏமாத்து!" என்று வீரபாகு கத்தினான். "இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு அத்தான்?"

"நான் இருக்கேனேடா" என்றார் ராஜா. "உத்தியோகம் அவனுக்குத்தான். முதல்ல இந்தச் சேவலை எடுத்துத் தொலைங்க. நானும் முன்னால போகணும்."

"கோயில் வர்றவரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். இப்பத்தான் வசதியா உட்கார்ந்திருக்கேன்" என்றாள் ராணி.

அதனால் சேவல் மட்டும் கை மாறிக் கை மாறி முன் சீட்டுக்குப் போனது. வீரபாகுவுக்கு அதன் வலது காது எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டான்.

கோயில் வாசலில் பூசாரி ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். ராஜா முன் சீட்டில் வருவார், கதவைத் திறந்து மாலை போட வேண்டும். முப்பது வருஷ வழக்கம். அரசர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் தலையைக் குனிந்துகொண்டே கதவைத் திறந்தார், மாலையைப் போட்டார், ஆரத்தி சுற்றினார்.

மாலையோடு சேவல் இறங்கியது.

மூன்றாம் வரிசையிலிருந்து மூச்சுத் திணறுகிற சத்தம் கேட்டது. "தாண்டவா, மறுபடியும் சிரிச்சுட்டேனேடா. பந்தயம் ஒரு சிரிப்புக்குத்தானே?"

"இது இனாம், மகாராஜா" என்றான் தாண்டவன்.