எண் மட்டும் கேட்ட ராஜா

டம்... டம்... டம்! விடிந்தும் விடியாமலும் முரசுச் சத்தம்தான் முதலில் வரும். அடிக்கிற ஆள் அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிவான். "களஞ்சியத்தில் நெல் இருப்பு ஐம்பது!" என்று கூவிவிட்டுப் போய்விடுவான்.

ஐம்பது என்ன? அதைச் சொல்லக்கூடாது. ராஜகட்டளை.

வெகுகாலத்துக்கு முன்னே கருவேலநாட்டைச் சூரசிம்மர் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர், பொறுமைதான் கிடையாது. ஒருநாள் களஞ்சியக் கணக்கு கலம், மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு என்று நீண்டுகொண்டே போக, ராஜா அசந்து தூங்கிவிட்டார். கிரீடம் உருண்டு போய்ப் படியில் விழுந்தது. எழுந்ததும் ஆணை போட்டார்: "இனி எண் மட்டும் போதும்! அளவின் பெயரைச் சபையில் எவன் சொன்னாலும் வாயைப் பொத்துங்கள்!"

அன்றைய ஐம்பதுதான் வம்பில் கொண்டுபோய் விட்டது. ஏனென்றால் முந்தின நாள் முரசுக்காரன் கூவியது அறுநூறு.

"ஒரே ராத்திரியில் களஞ்சியக்காரன் ஐநூற்றைம்பதை விழுங்கிவிட்டான், பிரபு!" என்று குதித்தார் திருவேங்கடநாதர். சபையில் பெரிய தலை அவர். களஞ்சிய வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிவிட வேண்டுமென்று வெகுநாளாகக் கண்.

களஞ்சியக்காரன் மங்கைபாகனை இழுத்து வந்தார்கள். "பிரபு, நேற்று மரக்கா..." சேவகன் வாயைப் பொத்தினான். "இன்றைக்குக் கல..." மறுபடியும் பொத்தினான்.

"திருடனுக்குப் பேச்சு வேறா? பொழுது சாய்வதற்குள் பெண்டு பிள்ளைகளோடு நாட்டை விட்டு ஓடு!" என்றார் ராஜா. மங்கைபாகன் கண்ணில் நீர் முட்டியது.

அமைச்சர் செஞ்சடையார் எழுந்தார். "பசியோடு எதற்குத் தீர்ப்பு, பிரபு? முதலில் சாப்பாடு. திருவேங்கடநாதரும் இங்கேயே சாப்பிடட்டும்." சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய் வந்தார்.

ராஜாவின் தங்கத் தட்டு வந்தது. அதில் இரண்டு பருக்கை சோறு. திருவேங்கடநாதர் முன்னால் இரண்டு அண்டா கூழ்.

"என்னய்யா கூத்து இது!"

"தங்கள் ஆணைப்படிதான், பிரபு. ஆளுக்கு இரண்டு என்று மட்டும் சமையற்காரனிடம் சொல்லி முடித்துவிட்டேன். இரண்டு பருக்கையா, அண்டாவா என்று சொன்னால் வாயைப் பொத்துவார்களே!"

ராஜா பருக்கையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது. "டேய், அவன் வாயை விடு. நீ சொல்லப்பா."

"நெல் அளக்கிற மரக்காலின் இரும்புப் பூண் கழன்றுவிட்டது, பிரபு. கொல்லரிடம் கிடக்கிறது. நேற்று வரை மரக்கால் கணக்கு. இன்றைக்கு மூட்டைக்கு ஒரு கலம் என்று எண்ணிக் கலக் கணக்கில் சொல்லிவிட்டேன். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால்."

ராஜா விரல் விட்டு எண்ணினார், உதட்டை அசைத்தார். "அட! அதே அறுநூறு!"

"அளவு நமக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம், பிரபு. நாளைக்குப் புதிதாய் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அமைச்சர்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "எண்ணோடு அளவையும் சேர்த்தே கூவட்டும். எங்கே எந்த அளவு என்று ஒவ்வொரு களஞ்சிய வாசலிலும் கல்லில் வெட்டுங்கள். மங்கைபாகா, என் தூக்கத்துக்கு நீ பலியாக இருந்தாயே, மன்னித்துவிடு. திருவேங்கடநாதரே, கூழைக் குடியும். மிச்சம் எத்தனை உழக்கு என்று நீரே அளந்து சொல்லும்!"

சபை சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. மங்கைபாகன் அதற்குள் களஞ்சியத்துக்குத் திரும்பி, துடைப்பத்தை எடுத்து, வாசலில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டிக் குவிக்க ஆரம்பித்திருந்தான்.