இருவாச்சி பொந்தின் வாயைப் பூசிக்கொண்ட கதை

மரங்களுக்குக் காது இருந்து கண் இல்லாத காலம் அது. அந்தக் காலத்தில் காட்டில் பொந்துகளில் குடியிருந்த பறவைகள் யாரும் வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போனதில்லை. பொந்தின் வாயை மரமே தன் பட்டையால் மூடிக்கொள்ளும். வீட்டுக்காரப் பறவை வந்து பட்டையோடு அலகை ஒட்டிவைத்து, தனக்கும் மரத்துக்கும் மட்டும் தெரிந்த கடவுச்சொல்லை மெல்லச் சொன்னால் திறக்கும். சொல் தப்பினால் திறக்காது. யார் வந்து நிற்கிறார்கள் என்பது மரத்துக்குத் தெரியாது. என்ன சொன்னார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

மலைச்சரிவில் நின்ற ஒரு வெள்ளகில் மரத்தில் கொண்டையன் என்கிற ஆண் இருவாச்சியும் அவன் மனைவி பூவாயியும் குடியிருந்தார்கள். இருவாச்சி என்றால் பெரிய மஞ்சள் அலகும், அதன்மேல் கொம்பு கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மேடும் உள்ள பறவை.

அந்த வீட்டின் கடவுச்சொல்லைப் பூவாயிதான் யோசித்து வைத்தாள். 'மழையில் முறிந்த கிளையில் நீ எனக்குத் தந்த முதல் அத்திப்பழம் புளித்தது.' அவ்வளவு நீளம்.

கொண்டையனுக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை. "புளிச்சதுன்னு எதுக்குச் சொல்லணும்? இனிச்சதுன்னு வெச்சா மரம் திறக்காதா?" என்றான்.

"இனிச்சதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. புளிச்சது நமக்கு மட்டும்தானே தெரியும்?" என்று பூவாயி சிரித்தாள்.

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். அவன் குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொண்டு, மனதில் முடிந்து வைத்துக்கொண்டான். சொல்லைச் சொல்கிறபோதெல்லாம் அந்தப் புளிப்பு அவன் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு குஞ்சுகள் பொரித்த பிறகு தொல்லை பெரிதானது. குஞ்சுகளுக்கு ஓயாத பசி. கொண்டையன் தொண்டையிலும் அலகிலும் அடைத்துக்கொண்டு அத்திப்பழம் சுமந்து வருவான். வாயில் பழத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு நீளம் பேச முடியுமா? பழங்களைக் கிளையில் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். கிளையில் வைத்தால் பழம் நிற்குமா? அவன் 'மழையில்' என்று தொடங்கும்போதே உருளும். 'புளித்தது' என்று முடிக்கும்போது பாதி கீழே போயிருக்கும்.

கீழே ஒரு மரநாய் காத்திருக்கும். அந்த நாளில் மரநாய்கள் பகலிலும் திரிந்தன.

"அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் காய்வெட்டா இருக்கு. நாளைக்கு நல்லாப் பழுத்ததாப் பார்த்துப் போடுங்க" என்று அது மேலே பார்த்துக் கத்தும்.

பக்கத்து மரத்தில் ஒரு குக்குறுவான் இருந்தான். அவன் ஒரு தடவைக்கு ஒரே பழம் கொண்டுவருகிற சின்னப் பறவை. வாய் நிறையச் சுமக்கிறவன் கஷ்டம் அவனுக்கு எங்கே தெரியும்? "என்ன மச்சான், பொண்டாட்டி பிள்ளைக்குப் போக மிச்சம் மரநாய்க்கா, மரநாய்க்குப் போக மிச்சம் பொண்டாட்டி பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் தலையை ஆட்டிச் சிரிப்பான். கிளை கிளையாக எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கொண்டையன் யார் யார் சிரித்தார்கள் என்பதை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் பூவாயி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போயிருந்தபோது அவன் மரத்திடம் பேசினான்.

"ஐயா, நான் வந்து 'ம்க்கும்'னு கனைச்சாலே திறந்துடுங்க."

"ஏன் தம்பி, சொல் மறந்துபோச்சா?"

"மறக்கலை. வாய் நிறையப் பழத்தோட அவ்வளவு நீளம் சொல்ல முடியலை. கனைக்கிறதுன்னா வாயைத் திறக்க வேண்டாம் பாருங்க."

"கனைப்பு எல்லாருக்கும் வருமே தம்பி."

"இவ்வளவு உசரத்துக்கு யாரு வந்து கனைக்கப் போறா? அவ சொன்னா அவ சொல்லுக்குத் திறங்க. நான் கனைச்சா இதுக்கும் திறங்க. குஞ்சு பறக்குற வரைக்கும்தான். அப்புறம் பழையபடி வெச்சுக்கலாம்."

"பூவாயிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவன் சொல்லவில்லை.

அடுத்த நாள் பூவாயி உள்ளே இருந்து கேட்டாள். "நீங்க பேசுற சத்தமே காணோம், ஆனா வாசல் திறக்குதே, எப்படிங்க?"

"நான் வந்து உட்கார்ற சத்தம் மரத்துக்குப் பழகிப்போச்சு" என்றான் கொண்டையன்.

அவள் நம்பினாள். நல்ல மரம் என்று சொல்லி, உள்பக்கத்துப் பட்டையை அலகால் வருடிக் கொடுத்தாள். அவன் அதைப் பார்க்காத மாதிரி பழத்தை நீட்டினான்.

அதன்பிறகு ஒரு பழமும் கீழே விழவில்லை. குஞ்சுகள் கொழுத்தன. குக்குறுவான் வாயைத் திறக்கவில்லை. கொண்டையன் வேண்டுமென்றே அவன் கிளை வழியாகப் பறந்து வந்து, அவன் காதில் விழும்படி கனைத்துவிட்டு உள்ளே போனான்.

பழம் விழுவது நின்றதும் மரநாய்க்குப் பசித்தது. பசித்ததும் அது மேலே பார்த்தது. இத்தனை நாளும் தரையையே பார்த்துக்கொண்டிருந்த மரநாய், முதல் தடவையாகக் கனைப்பையும் அதைத் தொடர்ந்து பட்டை விலகுகிற சத்தத்தையும் கவனித்தது.

ஒரு நண்பகலில் பூவாயி ஓடைக்குப் போனாள். போவதற்கு முன் பட்டை நன்றாக மூடியிருக்கிறதா என்று அலகால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். கொண்டையன் பழத்துக்குப் போயிருந்தான்.

அவன் வாய் நிறையப் பழத்தோடு திரும்பியபோது பூவாயி முன்னமே வந்து வாசலில் நின்றாள். வாசல் திறந்து கிடந்தது. உள்ளே ரத்தமும், மென்மையான இறகுத் துணுக்குகளும் மட்டும் இருந்தன. குஞ்சுகள் இல்லை.

"யாருக்குத் திறந்தீங்க?" என்று பூவாயி மரத்தைக் கேட்டாள்.

"கனைச்சாங்க அம்மா. திறந்தேன்."

"கனைச்சாத் திறக்கச் சொன்னது யாரு?"

சொல்ல வேண்டியவன் சொல்லட்டும் என்று மரம் காத்திருந்தது.

கொண்டையன் வாயை மூடிக்கொண்டு நின்றான். பழம் வாயில் இருக்கிற வரைக்கும் அவன் பேச வேண்டியதில்லை. பதில் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

பூவாயி அவன் முகத்துக்கு நேரே வந்தாள்.

"அதைக் கீழே போடுங்க."

அவன் வாயைத் திறந்தான். பழங்கள் பொலபொலவென்று கிளைகளில் தட்டிக்கொண்டு விழுந்தன.

"நான்தான்" என்றான்.

பிறகு அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் குக்குறுவான் அப்படிப் பேசலைன்னா நான்..." என்று தொடங்கினான். செய்ததைச் செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் போடுகிற ஆண்பிள்ளைகள் அன்றைக்கும் இருந்தார்கள். ஆனால் பூவாயியின் கண்ணைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

குக்குறுவானும் அதன்பிறகு கேலி செய்யவில்லை. கொண்டையன் வந்து உட்கார்ந்தால் எழுந்து வேறு கிளைக்குப் போய்விடுவான். அவன் சிரித்திருந்தாலும் தாங்கியிருக்கலாம் என்று கொண்டையனுக்கு இருந்தது.

மறு பருவம் வந்தது. பூவாயி மறுபடியும் பொந்துக்குள் போனாள்.

"புதுச் சொல் என்ன வைக்கலாம் அம்மா?" என்று மரம் தயங்கிக் கேட்டது.

"சொல்லே வேண்டாம்யா. நீங்க மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம்" என்றாள். பிறகு வெளியே நின்ற கணவனிடம், "ஈர மண்ணு கொண்டு வாங்க" என்றாள்.

அவன் கொண்டுவந்தான். அவள் உள்ளே இருந்தபடி மண்ணோடு பழச்சக்கையைக் குழைத்து, அலகின் தட்டையான பக்கத்தால் வாசலைப் பூசத் தொடங்கினாள். வாசல் சிறுத்துக்கொண்டே வந்தது.

"நான் எப்படி உள்ளே வர்றது?" என்று கொண்டையன் கேட்டான்.

"வர வேண்டாம்."

"நீ எப்படி வெளியே வருவே?"

பூவாயி தன் சிறகிலிருந்து பெரிய இறகு ஒன்றைப் பிடுங்கி மிச்சமிருந்த இடுக்கு வழியாக வெளியே தள்ளினாள். இன்னொன்றையும் தள்ளினாள். அவை சுழன்று சுழன்று இறங்குவதை அவன் பார்த்தான்.

"இது ரொம்பக் கஷ்டம், பூவாயி."

"ஆமா. கஷ்டம்தான்" என்றாள் அவள், பூசிக்கொண்டே.

கடைசியில் அலகு நுனி நுழைகிற இடுக்கு மட்டும் மிஞ்சியது. கொண்டையன் ஒரு பழத்தை அதில் நீட்டினான். அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. இருட்டுக்குள் இருந்து அவள் அலகு வந்து, அவன் அலகைத் தடவிப் பார்த்தது. வேறு யாருமில்லை, இவன்தான் என்று தெரிந்த பிறகு பழத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த பழத்துக்கும் அப்படியே. புருஷனிடமும் சோதனையா என்று கேட்க அவனுக்கு வாய் இல்லை. அவள் தடவி முடிக்கும் வரை அசையாமல் நின்றான்.

அன்றிலிருந்துதான் பெண் இருவாச்சி முட்டையிடும் பருவத்தில் பொந்துக்குள் போய், வாசலைத் தானே பூசிக்கொண்டு, இறகை உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆண் இருவாச்சி வெயிலிலும் மழையிலும் பழம் சுமந்து வந்து, தன் வீட்டு வாசலில் வெளி ஆள் மாதிரி நின்று, இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக ஊட்டிவிட்டு, உள்ளே விடச் சொல்லிக் கேட்காமல் திரும்பிப் போகிறது.