ஓங்கிய கை

வீரபத்திரனுக்கு வயது நாற்பத்திரண்டு. அவன் குருவாக நினைத்த சவரிராயனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவன் சவரிராயன். சிங்கப்பூர் விழுந்தபோது இருவரும் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். போர்னியோத் தீவின் கைதி முகாமில், எதைக் கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்லுகிறவன் அவன் ஒருவன்தான். அதனால் வீரபத்திரன் அவனைச் ‘சாமி’ என்றான். அவன் வீரபத்திரனை ‘அண்ணே’ என்றான்.

ஒருநாள் காவலர்களின் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு திருட்டுப் போயிற்று. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் கைதிகளை எதிரெதிராக இரண்டு வரிசையில் நிறுத்தி, எதிரே நிற்பவனை மாறி மாறி அறையச் சொன்னார்கள்.

வீரபத்திரனுக்கு எதிரே மஸ்தான் நின்றான். வேலூர்க்காரன். பிடிபட்ட நாள் முதல் ஒரே பாயில் படுத்தவன். அன்று மலேரியாக் காய்ச்சலில் அவனுக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வீரபத்திரன் கையை ஓங்கினான். கன்னத்தில் விழுந்தது தடவல்தான்.

காவலன் பார்த்துவிட்டான். வீரபத்திரனை விலக்கித் தள்ளி, துப்பாக்கிக் கட்டையால் மஸ்தானின் தாடையில் இடித்தான். தாடை உடைந்தது. ஊற்றிய கஞ்சியெல்லாம் கடைவாயில் வழிந்தது. ஐந்தாம் நாள் மஸ்தான் செத்துப்போனான்.

குழியை மூடிவிட்டுத் திரும்பும்போது வீரபத்திரன் கேட்டான்.

“அவனை ஓங்கி அடிக்க எனக்கு மனசு வரல சாமி. அது தப்பா?”

சவரிராயன் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வரிசை. இந்த முறை என்ன குற்றம் என்றுகூடச் சொல்லவில்லை. எதிரே சவரிராயன் நின்றான். வீரபத்திரனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஓங்குகிறவர் சாமிதானே என்று நினைத்தான்.

அறை விழுந்ததும் கண் இருண்டது. தரையில் கிடந்தான். வாயெல்லாம் ரத்தம். ஒரு பல் நாக்கில் தட்டுப்பட்டது. எழுந்து நின்றபோது அவன் முறை வந்திருந்தது. காவலன் இரண்டடி தள்ளி நின்றான்.

சவரிராயன் உதடு அசையாமல் சொன்னான். “நல்லா அடிங்கண்ணே.”

வீரபத்திரன் அடித்தான். அடியில் குறை வைக்கவில்லை. சவரிராயன் சுருண்டு விழுந்தான். காவலன் சிரித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனான்.

மத்தியானம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். சாமி ஏன் அடித்தார் என்பது வீரபத்திரனுக்கு விளங்கிவிட்டது. விளங்க விளங்க ஆத்திரம்தான் வந்தது.

“இப்படித்தான் காப்பாத்தணும்னா, அன்னைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே சாமி. மஸ்தான் பொழைச்சிருப்பானே.”

சவரிராயன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“அன்னைக்கு எனக்கும் தெரியாதுண்ணே. எனக்கு எதிர்ல நின்னவனை நானும் தடவித்தான் விட்டேன். காவலன் உங்க பக்கம் பார்த்துட்டிருந்தான்.”