ஏரிக்கரையில் ஏழுபுலி ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதவள நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும், "என் கொள்ளுத்தாத்தா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று மோவாயில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். கொள்ளுத்தாத்தா செத்து நூறு வருஷம் ஆயிற்று. அவர் எங்கே சொல்வது? காரியம் அப்படியே நிற்கும்.

இதனாலேயே தலை நரைத்துப்போனவர் மந்திரி பூதலிங்கம். அந்த வருஷம் ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு மேற்கே இருந்த பெரிய ஏரியின் கரையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு அரிப்பு. கரை உடைந்தால் கீழே இருக்கிற நாலு கிராமமும் தண்ணீரோடு போய்விடும். மந்திரி ஒன்பதாவது தடவையாக ஓலையை நீட்டினார்.

"மகாராஜா, ஆள் கூட்டி மண் போட உத்தரவு வேண்டும்."

"போடலாம்தான். ஆனால் கொள்ளுத்தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று..."

மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போது அரண்மனைச் சோதிடர் வயிரவநாதர் முன்னால் வந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"அவரையே கேட்டுவிடலாமே அரசே. மலைநாட்டு மந்திரவாதி ஒருவன் எனக்கு இந்த வெண்கல மணியைக் கொடுத்தான். பெயர் சொல்லி அடித்தால் செத்துப்போனவர்கள் எழுந்து வருவார்கள்."

கொள்ளுத்தாத்தாவின் காதில் நாலு வார்த்தை ஓதி, பூதலிங்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது சோதிடர் போட்ட திட்டம்.

"திருப்பி அனுப்புவது எப்படி?" என்று கேட்டார் மந்திரி.

"அவர்களாக மனசு வைத்துப் போனால்தான் உண்டு. அந்தக் கவலை இப்போது எதற்கு?"

ராஜா மணியை வாங்கி அடித்தார். குபுகுபுவென்று புகை கிளம்பியது. உள்ளேயிருந்து ஒரு தும்மல். பிறகு குட்டையாக, தொந்தியும் மீசையுமாக ஒருவர் வெளியே வந்தார். அவர்தான் கொள்ளுத்தாத்தா ஏழுபுலி வழுதி. நேரே சிம்மாசனத்தைப் பார்த்தார்.

"யாரப்பா அது, என் இடத்தில்?"

ராஜா துள்ளி எழுந்தார். பெரியவர் ஏறி உட்கார்ந்து, "பசிக்கிறது" என்றார்.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதே வேகத்தில் தன் தாத்தா மதில்கட்டி வழுதியின் பெயரையும் சொல்லி மணியை அடித்துவிட்டார். ஒட்டகம் மாதிரி நெட்டையாக அவரும் வந்து நின்றார்.

"அப்பா, எழுந்திருங்கள். உங்களுக்கு அப்புறம் இந்த ஆசனம் எனக்கு."

"எனக்கு அப்புறமா? நான்தான் இங்கேயே இருக்கிறேனே."

மூன்று நாள் இதே சண்டை. ஏழுபுலியார், இப்போது இல்லாத ஒரு நாட்டின்மேல் படையெடுக்கச் சொன்னார். மதில்கட்டியார் கோட்டைச் சுவரை இடித்து வேறு பக்கம் கட்டச் சொன்னார். இரண்டு உத்தரவையும் சுமந்துகொண்டு பூதலிங்கம் அங்குமிங்கும் ஓடினார். காதில் ஓதப்போன வயிரவநாதரை ஏழுபுலியார் ஏற இறங்கப் பார்த்து, "உன் கை மெத்தென்று இருக்கிறது, கால் பிடி" என்று உட்கார வைத்துவிட்டார்.

மேற்கே கருமேகம் திரண்டது. ராஜா மந்திரியைத் தனியே கூப்பிட்டார்.

"மந்திரியாரே, என்னைக் குதிரை லாயத்தில் படுக்கச் சொல்லிவிட்டார் கொள்ளுத்தாத்தா."

"கேட்கவே சந்தோஷமாக... அதாவது, வருத்தமாக இருக்கிறது மகாராஜா."

"எப்படியாவது அனுப்பிவையும். முதல் வேலையாகக் கரைக்கு உத்தரவு போடுகிறேன்."

மறுநாள் காலையில், ஜனங்கள் தரிசனத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு பெரியவர்களையும் பல்லக்கில் ஏற்றி ஏரிக்கு அழைத்துப்போனார் மந்திரி. ராஜாவும் சோதிடரும் பின்னாலேயே நடந்தார்கள். நாலு கிராமத்து ஜனமும் கூடியிருந்தது. கரையில் ஒரு பழைய கல்வெட்டு. மந்திரி உரக்கப் படித்தார்.

"ஏழுபுலி வழுதியாகிய நாம், சூரிய சந்திரர் உள்ளவரை நம் தலையால் மண் சுமந்து இக்கரையைக் காப்போம்." படித்துவிட்டுத் திரும்பினார். "தங்கள் வாக்குத்தானே?"

"என் வாக்குத்தான். கேட்க நன்றாயிருக்கட்டுமே என்று வெட்டச் சொன்னேன்."

மந்திரி அண்ணாந்து பார்த்தார். "சூரியன் இருக்கிறது. சந்திரனும் தவறாமல் வருகிறது. தாங்கள் இல்லாத குறைக்கு இதுவரை நாங்கள் சுமந்தோம். இனி அந்தக் கவலை இல்லை." ஒரு கூடையை எடுத்து நீட்டினார்.

மதில்கட்டியார் விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரி அவர் பக்கம் திரும்பினார்.

"கீழே ஒரு வரி இருக்கிறது. 'மதில்கட்டி வழுதியாகிய நாமும் அவ்வண்ணமே.' இந்தாருங்கள், தங்கள் கூடை."

அத்தனை ஜனத்துக்கு முன்னால் எப்படி மாட்டேன் என்பது? இருவரும் சுமந்தார்கள். பதினோராவது கூடையில் ஏழுபுலியாருக்கு மூச்சு வாங்கியது.

"மந்திரி, இது எத்தனை நாளைக்கு?"

"சூரியன் அவிகிறவரைக்கும், அரசே."

தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போய்விடலாமா தம்பி?"

"நீங்கள் முன்னால் போங்கள் அப்பா. இந்தத் தடவை நான் சண்டைக்கு வரமாட்டேன்."

புகை எழுந்தது. இரண்டு கூடைகள் மட்டும் கரையில் கிடந்தன.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "பூதலிங்கம், என்ன பரிசு வேண்டும், கேளும்."

"இன்னும் பாதிக் கரை பாக்கி இருக்கிறது, மகாராஜா."

ராஜா சிரிப்பை நிறுத்தினார். கரையைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடு கட்டிக்கொண்டு ஒரு கூடையை எடுத்தார். மற்றதை வயிரவநாதர் தலையில் அவரே தூக்கி வைத்தார்.

"மந்திரி வேலை பார்க்க ஆசைப்பட்டீர் அல்லவா? இங்கிருந்து தொடங்கும்."

மூன்றாம் நாள் மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் கொட்டியும் கரை அசையவில்லை. ராஜா சபையைக் கூட்டி மந்திரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். வாழ்த்துரை வாசித்தவர் சோதிடர். கழுத்துச் சுளுக்கினால் ஒரு பக்கமாகவே வாசித்தார்.

மந்திரி சால்வையைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இதற்குப் பதில் மதகுக்கு ஒரு புதுக் கதவு போட்டிருக்கலாம்."

"போடும்" என்றார் ராஜா.

பூதலிங்கம் மடியிலிருந்த ஓலையை இன்னும் உள்ளே தள்ளினார். அந்தக் கதவுக்காகப் பத்தாவது ஓலையையும் எழுதி வைத்திருந்தார் பாவம். அந்த வருஷம் மருதவள நாட்டுக்கு இரண்டு போகம் விளைந்தது. நமக்கு இந்தக் கதை விளைந்தது.