நசுக்கிய முள்

"என் முள்ளையெல்லாம் நீங்கதான் கெடுக்கறீங்க" என்றார் சென்னியப்பன்.

வாத்தியாரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் பூட்டிய வைஸ் என்ற இடுக்கியில் ஒரு தூண்டில் முள்ளை இறுக்கிப் பிடித்துவைத்து அதில் பழுப்பு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த முள்ளுங்கண்ணா?"

"நாலு முள்ளும்."

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே நான்கு ஈக்கள். நிஜ ஈ இல்லை. முள்ளின்மேல் சேவல் கழுத்து இறகையும் முயல் மயிரையும் வைத்து நூலால் கட்டிய பொய் ஈ. ஓடையில் மிதக்கவிட்டால் ட்ரவுட் மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும்.

"முள்ளு நுனிக்குப் பின்னால எதிர்ப்பக்கமா ஒரு சின்னக் கூர் இருக்கும். மாட்டுனது கழண்டுக்காம இருக்கறதுக்கு. நாலுலயும் அது நசுங்கிக் கெடக்குது. லென்ஸ் வெச்சுப் பாத்தேன்."

"ஆமாங்கண்ணா. நான்தான் குறட்டால நசுக்குனேன்."

சென்னியப்பனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர் அவர். மாட்டிக்கொண்டவன் உடனே ஒப்புக்கொண்டால் அவருக்குப் பிடிக்காது. பெரிய தப்பு எதையோ மறைக்கத்தான் சின்னத் தப்பை ஒப்புக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி.

வாத்தியாரம்மாவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. சென்னியப்பனுக்கு அறுபது முடிந்துவிட்டது. மேல்கயம் ஓடையில் ஈ கட்டவும் அதை வைத்து மீன் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்க ஜெசிந்தாவை விட்டால் ஆள் இல்லை. அதனால் தன்னைவிடப் பெரியவர்களும் அவரை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஓடைக்கு ஒரு காவலர் தேவைப்பட்டார். அந்த வேலைக்குத்தான் சென்னியப்பன் வந்திருந்தார். கரையிலேயே குடியிருக்க ஓர் அறை உண்டு. ஓடைச் சங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. தான் கட்டிய ஈயால் ஒரு மீனைப் பிடித்து, அதை உயிரோடு திரும்ப ஓடையில் விட வேண்டும். விட்டார் என்று வாத்தியாரம்மா தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையோடு மீன்பிடிப் பருவம் முடிகிறது. திங்கட்கிழமை மகன் வருகிறான், அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக. மனைவி போன பிறகு அவர் தனியாக இருப்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. அங்கே அவருக்கு ஓர் அறை ஒதுக்கியாகிவிட்டது. வாஷிங் மெஷினும் அந்த அறையில்தான் இருக்கிறது.

அந்த அறையை நினைத்தாலே சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க நசுக்குனீங்க?"

"மொத மீனு எப்பக் கழண்டுது?"

"நீங்க பாக்கறீங்களான்னு திரும்பிப் பாத்தேன். அப்ப."

"ரெண்டாவது?"

"நீங்க சொல்லிக்குடுத்த முடிச்சு நல்ல முடிச்சுதானான்னு ஒரு சந்தேகம். தடவிப் பாத்தேன்."

"மூணாவது?"

"ரீல்ல பல்லு தேஞ்சிருக்குமோன்னு குனிஞ்சு பாத்தேன்."

"நாலாவது?"

"அது சும்மாவே போயிருச்சு." சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க. மூணு போச்சே, இதாவது இருக்குதான்னு தூண்டில் லைனைத் தளர்த்திப் பாத்தேன்."

"நாலு தடவையும் லைன் எப்படி இருந்துச்சு?"

"தொய்வா."

வாத்தியாரம்மா நூலைக் கத்தரித்தார். அவ்வளவுதான் என்பதுபோல் அடுத்த முள்ளை எடுத்து வைஸில் மாட்டினார்.

"கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லீங்க."

வாத்தியாரம்மா புது முள்ளில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

"சரி, உங்க ஈயைக் காட்டுங்க பாக்கலாம்."

வாத்தியாரம்மா தன் டப்பாவை நகர்த்திவைத்தார். சென்னியப்பன் லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பதுக்குமேல் இருந்தன. ஒன்றில்கூட எதிர்க்கூர் இல்லை. எல்லாமே நசுக்கியவை.

சோதனைக்கு வருபவர்களுக்குக் காட்ட ஒரு டப்பா, தனக்கென்று வேறொரு டப்பா வைத்திருக்கிறார் என்று சென்னியப்பன் முடிவுகட்டினார்.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. வந்த முதல் நாளே மூன்று தூண்டில் கோல்களை முன்னால் வைத்து, வளைந்துகொடுக்கிற நடுக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியாரம்மா சொன்னார். அவர் சொன்னதாலேயே சென்னியப்பன் அதைத் தொடவில்லை. விறைப்பான கோலை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் தோள் வலித்தது. அதற்கும் வாத்தியாரம்மா மேல்தான் சந்தேகப்பட்டார்.

அன்று பிற்பகலே சென்னியப்பன் பஜாருக்கு இறங்கினார். ஒரு கடையில் முட்களைக் கொட்டச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எதிர்க்கூர் எடுப்பாக நின்ற ஒன்றைப் பொறுக்கினார். கட்டி முடித்த நூல் பிரியாமலிருக்க மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைக்க வேண்டும். அதை வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

கடைப்பெண் அவரையும் அவர் மீசையையும் பார்த்தாள்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

அவள் மறுபடியும் பார்த்தாள். சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. மனுஷனை இப்படிச் சந்தேகமாகப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈ கட்டினார். நூல் ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. இறகு சீராக நின்றது. இதுவரை கட்டியதில் இதுதான் நல்ல ஈ என்று அவருக்கே தெரிந்தது. அதைத் தொப்பியின் உள்மடிப்பில் குத்தி ஒளித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஓடைக்குப் போனார்கள். காற்று கொஞ்சம் இருந்தது. வழக்கமாக வாத்தியாரம்மா அவருக்கு இடப்பக்கம், கை எட்டாத தூரத்தில் நிற்பார். அங்கே நின்றால் லைனில் கட்டும் ஈ அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னிக்குப் பின்னால நில்லுங்க" என்றார் சென்னியப்பன். "பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

வாத்தியாரம்மா அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு பின்னால் போய் நின்றார்.

சென்னியப்பன் தொப்பிக்குள்ளிருந்த ஈயை எடுத்து லைனில் கட்டினார். கோலைப் பின்னால் வீசி, லைன் முதுகுக்குப் பின்னே முழுக்கப் பறந்ததும் முன்னால் அடிக்க வேண்டும். பின்னால் வீசினார். முன்னால் அடித்தார். லைன் வரவில்லை.

மரக்கிளை என்று நினைத்தார். வெடுக்கென்று இன்னொரு முறை இழுத்தார்.

"அண்ணா, இழுக்காதீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினார். முகத்தை மறைக்க வாத்தியாரம்மா வலது கையைத் தூக்கியிருந்தார். பெருவிரலின் அடிச் சதையில் ஈ உட்கார்ந்திருந்தது. முள் வளைவுவரை உள்ளே போயிருந்தது.

கோலைப் போட்டுவிட்டு ஓடினார் சென்னியப்பன்.

வாத்தியாரம்மா ஈயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க."

சென்னியப்பன் ஈயைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்தார். சதை எழும்பியது. முள் வரவில்லை. வாத்தியாரம்மாவின் முகம் வெளுத்தது.

"இது நம்ம முள்ளு இல்லையே, அண்ணா."

"இல்லீங்க." சென்னியப்பன் கையை எடுத்துவிட்டார். "பஜார்ல வாங்குனேன். எதிர்க்கூர் இருக்குது."

வாத்தியாரம்மா இடுப்புப் பையிலிருந்து குறட்டை எடுத்து நீட்டினார்.

"முன்னால தள்ளுங்க."

"இன்னும் உள்ளயா? ஆழமாப் போயிருமே?"

"நுனி அந்தப் பக்கம் வெளிய வரும். தள்ளுங்க."

அப்போதும் சென்னியப்பனுக்குச் சந்தேகம்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லை. தள்ளினார். தோல் ஓரிடத்தில் புடைத்து, வெளுத்து, கிழிந்தது. நுனி வெளியே வந்தது. வாத்தியாரம்மா சால்வையைக் கடித்துக்கொண்டார்.

நுனிக்குப் பின்னால் எதிர்க்கூர் ரத்தத்தோடு நின்றது. லென்ஸ் தேவைப்படவில்லை.

"இப்ப என்னங்க பண்றது?"

வாத்தியாரம்மா கையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினார்.

சென்னியப்பன் குறட்டை வைத்து எதிர்க்கூரை நசுக்கினார். பிறகு ஈயைப் பின்னுக்கு இழுத்தார். போன வழியிலேயே முள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுபது வயதில் ஓடைக்கரையில் நின்று அழுவது வெட்கமாகவும் இருந்தது.

"கைய நான் கழுவிக்கறேன்" என்றார் வாத்தியாரம்மா. "வெயில் ஏறறதுக்குள்ள போடுங்க."

"எந்த ஈயைங்க?"

"இதையேதான்."

வாத்தியாரம்மா கொஞ்சம் கீழே இறங்கிப் போய், அவருக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் முக்கினார்.

சென்னியப்பன் பின்னால் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வீசினார். மூன்றாவது வீச்சில் பாறை நிழலிலிருந்து ஒரு மீன் எழும்பிக் கவ்வியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சைத் தடவவில்லை. மீன் ஓடிய பக்கம் கோலை வளையவிட்டு, லைன் ஒரு நொடிகூடத் தொய்யாமல் கூடவே நடந்தார். மீன் களைத்துக் கரைக்கு வந்தது. ஈரக் கையால் அதைத் தாங்கினார். முள்ளில் விரல் பட்டதுமே அது கழன்றுகொண்டது. மீன் கொஞ்சநேரம் கையில் நின்று மூச்சுவிட்டது. பிறகு போய்விட்டது.

மனைவி போன பிறகு அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. சந்தோஷத்தோடு வாத்தியாரம்மாவைப் பார்த்தார்.

வாத்தியாரம்மா அந்தப் பக்கம் திரும்பி, கைக்குட்டையின் முனையைப் பல்லால் இழுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மீனை அவர் பார்த்திருக்க வழியே இல்லை.

சென்னியப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

"மீனு வந்துச்சுங்க. கையில பிடிச்சேன். விட்டுட்டேன்."

சொல்லும்போதே அந்தக் குரல் அவருக்குப் பழக்கமாக இருந்தது. டிக்கெட் எடுத்தேன் சார், காற்றில் பறந்துபோச்சு என்று சொல்கிற குரல். அப்படிச் சொன்ன ஒருவரைக்கூட அவர் விட்டதில்லை.

வாத்தியாரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து சங்கத்துத் தாளை எடுத்து முழங்கால்மேல் விரித்தார். வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு மெல்ல எழுதினார்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"பாக்காமயா கையெழுத்துப் போடறீங்க?"

வாத்தியாரம்மா தாளை நீட்டினார். எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. சென்னியப்பன் வழக்கம்போல் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து மாதிரியே இல்லீங்களே."

"இல்லதான். சங்கத்துல கேப்பாங்க. நான்தான் போட்டேன்னு நீங்க சொல்லுங்க."