கரடியின் பசியேப்பம்

மூங்கில் காட்டுக் குளக்கரையில் வீரபத்திரன் என்ற கரடி பானகக் கடை வைத்திருந்தது. தேனைத் தண்ணீரில் கலக்குவது கரடியின் வேலை. கொட்டாங்கச்சிகளைக் கழுவி, வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது வாலாயி என்ற அணிலின் வேலை.

அந்த வருஷம் காட்டில் ஒரு இருமல் நோய் பரவியது. யாரும் குகையை விட்டோ கூட்டை விட்டோ வெளியே வரக் கூடாது என்று யானை ராஜா உத்தரவு போட்டது. குளக்கரை வெறிச்சோடிப் போனது. சில நாள் கரடி தன் பானகத்தைத் தானே குடித்துப் பார்த்தது. தேனும் தீர்ந்தது. கடை திறந்ததும் சொல்லியனுப்புகிறேன் என்று வாலாயியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கூலிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் பட்டினி கிடக்கக் கூடாது என்று ராஜா தானியக் களஞ்சியத்தைத் திறந்தது. யார் யாருக்குத் தேவை என்று கேட்டு வர நாரையை அனுப்பியது.

நாரை கடை வாசலில் தள்ளி நின்று கேட்டது. கரடிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. உதவி வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தது. அதற்குள் பக்கத்துக் கடை மயில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. உதிர்ந்த இறகுகளில் விசிறி கட்டி விற்கிற மயில் அது. அதன் கண்ணெதிரே கை நீட்டுவதா?

"எங்கள் கடைக்கா உதவி?" என்று சிரித்தது கரடி. வெளியே வர முடியாதவர்கள் பானகம் கேட்டு வீடு வீடாகச் சொல்லியனுப்புகிறார்கள், கலக்கிக் கலக்கிக் கை வலிக்கிறது என்று அளந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அதன் காலி வயிற்றிலிருந்து பெரிய ஏப்பம் ஒன்று கிளம்பியது. அது பசியேப்பம். நாரையோ விருந்து சாப்பிட்ட ஏப்பம் என்று நினைத்துக்கொண்டது.

மயில் சும்மா இருக்குமா? கேட்கிற வேகத்துக்கு இறகு உதிர மாட்டேன் என்கிறதே, அதுதான் தன் கவலை என்றது. மயில் சொன்னதை முயல் கேட்டது. முயல் சொன்னதை ஆமை கேட்டது. நாரை சுற்றி முடிப்பதற்குள் காட்டில் பசித்தவர் ஒருவரும் இல்லை என்று ஆகிவிட்டது. ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் களஞ்சியத்தை நாளைக்கே மூடிவிடலாம் என்றது.

சாயங்காலம் வாலாயி தள்ளாடித் தள்ளாடிக் கடைக்கு வந்தது. அது நாரையிடம் போய் உதவி கேட்டிருக்கிறது. உன் முதலாளி கடைதான் ஓகோவென்று நடக்கிறதே, உனக்குக் கூலி வந்துகொண்டிருக்குமே என்று நாரை திருப்பி அனுப்பிவிட்டது.

"வியாபாரம் நன்றாக நடக்கிறதாமே முதலாளி, எனக்குத் தெரியாமல் போய்விட்டது," என்றது வாலாயி. "என் கூலியைக் கொடுங்கள். பிள்ளைகள் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருக்கின்றன."

கரடி பானையைக் கவிழ்த்துக் காட்டியது. உள்ளேயிருந்து ஒரு சிலந்தி இறங்கி ஓடியது.

"பிறகு ஏன் நாரையிடம் அப்படிச் சொன்னீர்கள்?"

"மயில் பார்த்துக்கொண்டிருந்தது," என்றது கரடி. சொல்லும்போதே அதற்கு வெட்கமாக இருந்தது.

வாலாயி திரும்பி நடந்தது. அது நாலு வார்த்தை திட்டியிருந்தால் கரடிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நாரை களஞ்சியக் கதவைச் சாத்தப் போகும்போது கரடி மூச்சிரைக்க ஓடி வந்தது. காடே கேட்கும்படி கத்தியது.

"நான் சொன்னது பொய். என் கடையில் ஈ காக்கை இல்லை. எனக்குப் பசிக்கிறது. என்னை நம்பியிருக்கிற அணிலின் பிள்ளைகளுக்கும் பசிக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிளையிலிருந்து மயில் தொண்டையைச் செருமியது. "எனக்கும்தான்," என்றது, தரையைப் பார்த்தபடி. புதருக்குள்ளிருந்து முயல் எனக்கும் என்றது. தண்ணீருக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டியது. கொஞ்ச நேரத்தில் காடு முழுக்க "எனக்கும், எனக்கும்" என்று ஒரே சத்தம்.

யானை ராஜா காதை ஆட்டிக்கொண்டு யோசித்தது. அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள், தப்பு நம் பேரிலும் இருக்கிறது என்று நாரையிடம் சொன்னது. இனி யாரையும் கேட்க வேண்டாம், தினையையும் வரகையும் ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு வா என்றது.

வாலாயியின் பங்கைக் கரடியே தோளில் சுமந்து போய் மரத்தடியில் இறக்கியது. அதற்குப் பிறகுதான் தன் பங்கைத் தொட்டது.

வீண் பெருமைக்காகத் தம் பசியை மறைப்பவர், தம்மை நம்பியிருப்பவர்களின் வாயிலும் மண்ணைப் போடுகிறார்.