தேக்குச் சருகுத் தோரணம்

"என் வாசலை யாரோ வழித்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். அவராகவே வந்து என் முன்னால் நிற்கட்டும்!"

ஓடைக்கரையில் இருந்த கறையான் புற்றின் மேல் ஏறி நின்று துருவி கத்தினாள்.

துருவி ஒரு முயல். அவளுக்கு ஒன்றரைக் காதுதான். மீதி அரைக் காது முன்பொரு நாள் நரியின் வாயில் போயிற்று. ஆதரவு என்று யாரும் இல்லாமல் வளர்ந்தவள். ஒவ்வொரு புல்லுக்கும் சண்டை போட்டுத்தான் ஓடைக்கரையில் ஒரு நல்ல புதரைப் பிடித்துக் குடியேறியிருந்தாள். முயல் என்றால் பயந்தாங்கொள்ளி என்று அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. ஒன்றரைக் காதானாலும் நன்றாகவே கேட்கும்.

சத்தம் கேட்டுக் கௌதாரி ஓடிவந்தது. காட்டில் எங்கே சண்டை நடந்தாலும் முதலில் வந்து நிற்பது அதுதான்.

"என்ன துருவி, என்ன காணாமல் போச்சு?"

"சருகு."

"சருகா?" கௌதாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாசி மாசம். காடு முழுக்க இலை கொட்டுது. இதுக்கா புற்று மேல ஏறி நிக்கிறே?"

"சிரி. நல்லாச் சிரி. என் குட்டிகள் ரெண்டுக்கும் பிறந்து எட்டு நாள் ஆகுது. இன்னும் ஓடத் தெரியாது. நான் கண்ணை மூடினால் எங்களுக்குக் காவல் யாரு? அந்தச் சருகுதான். புதரைச் சுற்றித் தேக்குச் சருகு கிடந்தால் நரி எந்தப் பக்கம் காலை வைத்தாலும் மொறுக்கென்று கேட்கும். நான் எழுந்து ஓடி அவனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவேன். இப்போ பாரு."

கௌதாரி பார்த்தது. புதரைச் சுற்றி வெறும் மண். யாரோ பெருக்கி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

கௌதாரி மெல்ல அண்ணாந்து பார்த்தது. துருவியும் பார்த்தாள்.

புதருக்கு நேர் மேலே, ஓடைக்கரை மருதமரத்தின் உச்சியில் மலையணில் செங்கமலத்தின் வீடு இருந்தது. அன்றைக்கு அந்த வீடு வீடாகவே இல்லை. திருவிழாத் தேர் மாதிரி இருந்தது. அகலமான தேக்குச் சருகுகளைக் கொடியில் கோத்துக் கிளைக்குக் கிளை தோரணம் கட்டியிருந்தாள். வாயிலைச் சுற்றி வாதுமை இலைகள் செக்கச்செவேல் என்று செருகியிருந்தன. நீளமான கொன்றைக் காய்கள் வரிசையாகத் தொங்கிக் காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. விளாங்காய் ஓட்டில் தண்ணீர் வைத்து அதில் ஒற்றைப் பலாசம் பூவை மிதக்க விட்டிருந்தாள். உட்காரும் இடமெல்லாம் எருக்கம் பஞ்சு.

"நல்லா இருக்கா?" செங்கமலம் மேலே இருந்து கேட்டாள்.

"இருக்கு, இருக்கு. என் வாசல் உங்க தலைக்கு மேல நல்லாத்தான் ஆடுது," என்றாள் துருவி.

செங்கமலம் சரசரவென்று பாதி மரம் இறங்கி வந்தாள். "அடி, நான் திருடினேன் என்கிறாயா? ஒரு இலையைக்கூட மரத்திலிருந்து பறிக்கவில்லை. எல்லாம் உதிர்ந்தது. உதிர்ந்த இலையில் உன் பெயர் எழுதியிருந்ததா?"

"என் வாசலில் கிடந்தது அக்கா."

"காற்று அடித்தால் பக்கத்து வாசலுக்குப் போகும். அப்போது யாருடையது?"

"காற்று வந்து எடுத்திருந்தால் காற்றைக் கேட்டிருப்பேன். எடுத்தது நீங்கள். இறக்குங்கள், எல்லாவற்றையும்."

செங்கமலத்தின் வால் துவண்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நாளை மறுநாள் மேல்மலையிலிருந்து என் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். பெரிய இடம். போன வருஷம் வந்தவர்கள், கூடு மொட்டையாக இருக்கிறது என்று பழத்தைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். அவர்கள் வந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் எல்லாவற்றையும் நீயே அள்ளிக்கொள்."

"நரி நாளைக்கே வந்தால்? மேல்மலைச் சம்பந்திகள் போன பிறகு வா என்று சொல்லி அனுப்புவேனா?"

கௌதாரி நடுவில் புகுந்தது. "ரெண்டு பேரும் சொல்வது நியாயம். பாதிப் பாதி என்று முடித்துக்கொள்ளுங்களேன்."

இங்கேதான் துருவியின் கண் மின்னியது. பேரம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அவளுக்குப் பசி தெரியாது, தாகம் தெரியாது.

அந்தக் காட்டில் சருகுக்கு அளவு வாய்தான். ஒரு தடவை கவ்வி எடுப்பது ஒரு வாய்.

"முப்பது வாய் தருகிறேன்," என்றாள் செங்கமலம்.

"இருநூறு."

"இருநூறா? இந்த மரத்தையே வெட்டிக் கொடுக்கட்டுமா? ஐம்பது."

"நூற்று எண்பது. அதற்குக் கீழே பேசுவதானால் நான் திரும்பவும் புற்று மேல் ஏறுவேன். மேல்மலைக்கும் கேட்கும்."

"அடிப்பாவி. எண்பது. யார் வாய்? உன் வாயா, என் வாயா?"

"உங்கள் வாயால்."

"வாயில் உன்னை மிஞ்ச என்னால் ஆகுமா?"

கௌதாரி சிரித்துச் சிரித்து மண்ணில் உருண்டது. துருவி அசரவில்லை. எண்பது நூறாயிற்று. நூறு நூற்றிருபதாயிற்று. கடைசியில் பத்து வாய் கொசுறும் கேட்டு வாங்கினாள்.

"இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வந்து சேர வேண்டும்," என்றாள்.

"சேரும்," என்றாள் செங்கமலம். அவள் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்தது. பேரத்தில் ஜெயித்த மயக்கத்தில் துருவி அதைக் கவனிக்கவில்லை.

சொன்னபடி சருகு வந்தது. செங்கமலமும் அவள் மகளும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொட்டினார்கள். துருவி உட்கார்ந்து எண்ணினாள். நூற்று முப்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. புதரைச் சுற்றிக் குவியல் குவியலாகக் கிடந்தது.

ஆனால் அது தேக்குச் சருகு அல்ல. புளிய இலை, நெல்லி இலை. தூள்தூளாக, மெத்தென்று, பூ மாதிரி இருந்தது. தேக்கைத் தோரணத்திலேயே வைத்துக்கொண்டு வேறு பக்கத்திலிருந்து வாரிக்கொண்டு வந்திருந்தாள் செங்கமலம்.

"சருகு என்றுதான் பேச்சு. என்ன சருகு என்று நீ கேட்கவே இல்லையே," என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறிவிட்டாள்.

துருவிக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் நூற்று முப்பது வாய். இந்த ஓடைக்கரையில் யார் இவ்வளவு பேசி வாங்கியிருக்கிறார்கள்? குவியலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. காலால் பரப்பிவிட்டாள். குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் வெயில் தாழ்கிற நேரம். துருவி சற்றே கண்ணயர்ந்தாள்.

நரி வந்தான். ஓடையைத் தாண்டினான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவனுக்குக் காரியம் கெடும். முன்னங்காலைத் தூக்கியபடி நின்று யோசித்தான். பிறகு மெல்ல வைத்தான். சத்தம் வரவில்லை. இன்னொரு கால். புளிய இலை பஞ்சு மாதிரி அமுங்கியது.

'அட, நமக்காக யாரோ மெத்தை விரித்திருக்கிறார்களே,' என்று நினைத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான்.

துருவி கண் விழித்தபோது அவனுடைய மூச்சு அவள் முதுகில் பட்டது. ஒரே தாவில் புதருக்கு வெளியே போய் விழுந்தாள். திரும்பிப் பார்த்தாள். நரி அவளைத் துரத்தவில்லை. குட்டிகளுக்கும் அவளுக்கும் நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

"வாம்மா அரைக்காதி. சௌக்கியமா?"

துருவியின் வாய் அப்போதும் பழக்கத்தை விடவில்லை. "அந்த ரெண்டையும் தின்றால் உனக்கு ஒரு பல்லுக்குக் காணாது. என்னைப் பிடி. நான் கொழுத்தவள்."

"நீ ஓடுவாய். இவை ஓடாது."

"ஓட மாட்டேன். சத்தியம்."

"சரி, நீ ஓடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இவற்றைத் தின்றுவிட்டு உன்னையும் தின்பேன். நான் எதற்காக உன்னோடு பேரம் பேச வேண்டும்? கொடுப்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது?"

துருவி வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவள் பதில் இல்லாமல் நின்றது அன்றுதான்.

மரத்தின் மேலே செங்கமலம் தோரணத்தின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுக் குரல் கேட்டுக் குனிந்தாள். நரியின் முதுகு தெரிந்தது. அவன் பாதத்துக்குக் கீழே தான் கொட்டிய புளிய இலை தெரிந்தது. இரண்டு குட்டிகளும் அசையாமல் ஒட்டிக் கிடப்பது தெரிந்தது.

"அம்மா," என்றாள் மகள். "நரி."

"தெரிகிறது."

"நம்ம சருகு இருந்திருந்தால் அவனால் வந்திருக்க முடியாது, இல்லையாம்மா?"

"நம்ம சருகு இல்லை. அவளுடையது," என்றாள் செங்கமலம்.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. தோரணம் கட்டிய தாய்க்கொடியில் பல்லை வைத்தாள். நறுக், நறுக், நறுக். நான்கு நாள் வேலை. கொடி அறுந்தது.

காய்ந்த தேக்கு இலைகள், கொன்றைக் காய்கள், விளாங்காய் ஓடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து மடமடவென்று கிளைகளில் அடித்துக்கொண்டு நரியின் தலையில் இறங்கின. மரமே முறிந்து விழுகிறது என்று நினைத்தான் நரி. துள்ளி எழுந்தான். காலை எங்கே வைத்தாலும் மொறுக்கென்றது. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது. ஓட ஓடக் கொன்றைக் காய்கள் பின்னாலேயே கடகடவென்று துரத்தின. ஓடையில் விழுந்து, எழுந்து, அக்கரையில் போயும் அவன் நிற்கவில்லை. அந்தக் கோலத்தில் அவன் ஓடியதைப் பார்த்த கௌதாரிக்கு இரண்டு நாள் விக்கல் நிற்கவில்லையாம்.

துருவி புதருக்குள் பாய்ந்தாள். குட்டிகளை முகர்ந்து பார்த்தாள். ஒன்றுக்கு மூக்கில் ஒரு சின்னக் கீறல். அவ்வளவுதான்.

செங்கமலம் இறங்கி வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"துருவி, நான் புளிய இலையைக் கொடுத்தது..."

"தெரிந்துதான் கொடுத்தீர்கள்," என்றாள் துருவி. கோபம் இன்னும் ஆறவில்லை. "நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டேன், சத்தத்தை விட்டுவிட்டேன். உங்களைச் சொல்லும்போது என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும்."

செங்கமலம் மேலே போனாள். வீட்டில் மிச்சமிருந்த தேக்குச் சருகை எல்லாம் ஒன்றொன்றாக இறக்கினாள். இந்த முறை இருவரும் எண்ணவில்லை. கீழே விழுந்து கிடந்ததையும் சேர்த்துப் புதரைச் சுற்றிப் பரப்பினார்கள். மகளும் வந்து கைகொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் துருவி ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தாள். மொறுக்.

"இது சருகு," என்றாள்.

மறுநாள் காலையில் மேல்மலையிலிருந்து ஏழு அணில்கள் வந்தன. செங்கமலத்தின் வீட்டில் இப்போது வாயிலைச் சுற்றிச் செருகிய வாதுமை இலைகளும், எருக்கம் பஞ்சும், தப்பித் தொங்கிய இரண்டு கொன்றைக் காய்களும்தான் இருந்தன. மகள் புது விளாங்காய் ஓடு ஒன்று தேடி அதில் ஒரு பலாசம் பூவை மிதக்க விட்டிருந்தாள். செங்கமலம் பழங்களை வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

மாப்பிள்ளையின் தாய் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கிளையின் நுனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

காலை வெயில் ஓடைக்கரையில் இறங்கியிருந்தது. மரத்தடி முழுக்கத் தேக்குச் சருகு பழுப்பும் பொன்னுமாக விரிந்து கிடந்தது. அதன் நடுவில் மூன்று முயல்கள் காதை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தன.

"அடேயப்பா, என்ன அழகு," என்றாள் அவள். "கீழே விரித்திருப்பதும் உங்களுடையதுதானா?"

செங்கமலத்துக்கு ஆம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு மூச்சு விட்டாள்.

"இல்லை சம்பந்தி. அது துருவியுடையது. எங்களுக்கு இங்கிருந்து பார்க்கக் கிடைக்கிறது, அவ்வளவுதான்."

"சம்பந்தி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்," என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள்.

தன் வீட்டை அலங்கரிக்க அடுத்தவர் வாசலை வழித்தெடுத்தவர் எவராக இருந்தாலும் சரி, அளவு பேசி வேறொன்றைக் கொட்டிச் சரிக்கட்டப் பார்க்காமல், எடுத்ததையே எடுத்த இடத்தில் இன்றைக்கே திருப்பிப் போட்டாக வேண்டும்.